கிளீனர் சீட்டுக்கு அடியில்

ஏறுங்க தம்பி. இந்தப் பக்கம் இல்லைங்க, டிரைவர் பக்கம். வாங்கப்போறவர் நீங்கதானே, நீங்களே ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பாருங்க. நான் இப்படி கிளீனர் சீட்டுல உக்காந்துக்கறேன். இது எனக்குப் பழகின இடம்.

சாவியைத் திருப்புங்க. ம். இன்னொருக்கா.

சரி, விடுங்க. டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். இனித் திருப்பாதீங்க, இருக்கற கொஞ்சநஞ்சமும் போயிரும். பயப்படாதீங்க. இஞ்சின்ல ஒரு குத்தமும் கிடையாது. தள்ளி விட்டா உடனே பிடிச்சுக்கும். கைவேலைக்கு இருக்கற மாரப்பனை டீக்கடைக்கு அனுப்பியிருக்கேன், லோடுமேன்கள் அங்கதான் இருப்பாங்க, கூட்டியாந்துருவான். ஞாயித்துக்கிழமை பாருங்க, குடிச்ச டீயை முழுங்கறதுக்கே அரை மணி ஆகும் அவனுங்களுக்கு. அதுவரைக்கும் ஹேண்ட் பிரேக் போட்டபடியே இருக்கட்டும். அந்த லிவர்தான், உங்க கைக்குப் பக்கத்துல.

கீழே ரெண்டு பக்கமும் குனிஞ்சு குனிஞ்சு தேடுனீங்க பாருங்க, எனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டேன். பேட்டரிப் பெட்டி எங்கேன்னு கேக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சீங்க. எல்லாரும் அப்படித்தான் தேடுவாங்க. நான் உக்காந்திருக்கறதே அது மேலதான் தம்பி. இந்த சீட்டைத் தூக்கினா ரெண்டும் இருக்கும். இப்பத் தூக்க வேண்டாம், உக்காந்துட்டேன்.

கேபினுக்குள்ள யாராச்சும் பேட்டரி வைப்பாங்களான்னு கேக்கறீங்க. வைக்க மாட்டாங்க. நான் வெச்சேன். அதுக்கு ஒரு காரணம் இருக்குது. அந்தக் காரணத்துக்கு ஒரு பேரு இருக்குது. நல்லசிவம்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சைக் கேட்டு தெரியுதா? அவன் ஷெட்டு. உள்ளே நிக்கற வண்டியெல்லாம் அவனுது. எத்தனைன்னு எண்ணிப் பாக்காதீங்க, நானே எண்ணறதில்லை. எங்கூட்டுக்காரரோட கூடப்பிறந்த தம்பி. எனக்குக் கொழுந்தனார். கொழுந்தனாரை அவன் இவன்னு பேசறாளேன்னு பாக்காதீங்க. நேருக்கு நேரா நின்னா வாங்க போங்கன்னுதான் பேசுவேன். அவனும் நங்கை நங்கைன்னுதான் கூப்பிடுவான். உங்க பெரம்பலூர்ப் பக்கம் அண்ணின்னு சொல்லுவீங்களே, அதை நாங்க நாமக்கல்லுல நங்கைங்கறோம். மரியாதையில ஒரு குறையும் வைக்க மாட்டான். அந்த மரியாதையைத்தான் என்னால பொறுக்க முடியறதில்லை.

மொதல்ல இருந்தே சொல்றேன். அவனுங்க டீயை முடிக்கட்டும்.

எங்க மாமனாருக்கு ரெண்டு லாரி. இது ஒண்ணு. இதைவிட இளசா இன்னொண்ணு. அவரு போன பிற்பாடு பாகம் பிரிக்கப் பெரியவங்க உக்காந்தாங்க. அப்ப இந்த நல்லசிவம் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணா, மொதல்ல நீ எடுத்துக்கோ. மிச்சம் எதுவோ அது எனக்கு." எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. நான் கதவோரம் நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். இவரு எதை எடுப்பாருன்னு அவனுக்குத் தெரியாதா? கூடவே படுத்து வளந்தவன். "எங்கப்பன் ஓட்டுன வண்டி"ன்னு இவரு வந்து இதோட பானெட் மேல கைய வெச்சாரு. வெச்சதும் அவன் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு ஊரே சொல்லுச்சு. வராம என்ன பண்ணும்? புது வண்டி தனக்கு விழுந்த சந்தோசம்.

எவ்வளவு விவரம் பாருங்க. பிடுங்கிக்கிட்டவனைக் கூட மன்னிச்சுரலாம். விட்டுக்குடுத்து வாங்கறவனை என்ன பண்றது?

அந்தக் காலத்துல இதுல சாதா இஞ்சின்தான். கொல்லிமலை அடிவாரத்துல இருந்து கிழங்கு லோடு ஏத்திட்டு வந்தா, மேடு கண்ட இடத்துல எல்லாம் மாடு மாதிரி மூச்சு வாங்கும். பின்னால வர்றவன் எல்லாம் ஹாரன் அடிச்சுட்டுத் தாண்டிப் போவான். எங்கூட்டுக்காரருக்கு அது மனசுல ஒரு குறை. சங்ககிரியில உடைக்கப் போட்ட வண்டி ஒண்ணுல இருந்து டர்போ இஞ்சின் ஒண்ணைப் பாத்து வாங்கியாந்து, பட்டறையில கூடவே நின்னு மாட்டினாரு. மாட்டின அன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயி வள்ளிபுரம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டினாரு. ஆக்சிலேட்டரை மிதிச்சா உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். "கேட்டியா துளசி, கேட்டியா"ன்னாரு. கல்யாணத்தப்ப கூட அந்த முகத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பாக்கலை.

ஆனா டர்போன்னா சூடு தம்பி. உங்களுக்குத் தெரியாததா. அந்தப் பைப்பு இறங்கற இடத்தை ஒட்டினாப்புலதான் பேட்டரிப் பெட்டி. இடது பக்கம், கேபினுக்குக் கீழே. சாதா இஞ்சினுக்குன்னு கட்டின பெட்டி அது. டர்போ மாட்டின பிற்பாடு அது பெட்டி இல்லை, அடுப்பு. தண்ணி ஊத்த ஊத்த வத்திப்போகும். உள்ளே பிளேட்டெல்லாம் வளைஞ்சுக்கும். ஒரு கோடை தாங்காது. எங்கயாச்சும் நிறுத்தி இஞ்சினை அணைச்சாருன்னா, திரும்ப எடுக்கறப்ப சாமி கும்பிட்டுத்தான் சாவியைத் திருப்போணும்.

அந்தப் பொங்கலுக்கு நல்லசிவம் கரும்புக் கட்டோட வந்தான். வந்தவன் சும்மா உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வண்டிக்கு அடியில குனிஞ்சான். பைப்பைத் தொட்டுப் பாத்தான், பெட்டியைத் தொட்டுப் பாத்தான். அப்புறம் வந்து இவருகிட்ட, "அண்ணா, பேட்டரி இங்க இருக்கக் கூடாது. அந்தப் பக்கம் டீசல் டேங்குக்குப் பின்னால எடம் சும்மாதான் கெடக்குது, அங்க மாத்திரலாம். நான் வெல்டரை வரச் சொல்றேன். ஒயரை மட்டும் நல்ல தடிமனாப் போடோணும். பேட்டரி ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைசு, ஒரே நாள்ல வாங்கினதா இருக்கட்டும். ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னு மட்டும் போட்டுராதே"ன்னான்.

இவரு தலையாட்டிட்டு இருந்தாரு. நான் காப்பியோட வந்தவ, டம்ளரைக் கீழே வெச்சுட்டுச் சொன்னேன். "எங்க வண்டிக்குப் பெட்டி எங்க இருக்கோணும்னு எங்களுக்குத் தெரியுமுங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க நங்கை"ன்னான். சிரிச்சுட்டே. அந்தச் சிரிப்பு இருக்குது பாருங்க.

அவன் போன பிற்பாடு இவரு, "துளசி, அவன் சொல்றது சரிதான்"னாரு. "சரின்னா அவனையே வந்து உங்க வண்டிய ஓட்டச் சொல்லுங்க, அவனையே உங்களுக்குச் சோறாக்கிப் போடச் சொல்லுங்க"ன்னேன். அதுக்கப்புறம் அவரு அதைப் பத்திப் பேசலை. தங்கமான மனுசன் தம்பி, ஒரு பேச்சை ரெண்டாந்தடவை எடுக்க மாட்டாரு.

பங்குனி மாசம். காளப்பநாயக்கன்பட்டியில கிழங்கு ஏத்திட்டு ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி பண்ற ஒரு சேகோ ஆலைக்குப் போறாரு. மரவள்ளி வெட்டின மறுநாளைக்குள்ள ஆலைக்குப் போயாகோணும். நின்னா கறுத்துப் புளிச்சுப்போகும், எடை மேடையில இருந்தே திருப்பி அனுப்பிருவாங்க. பேளுக்குறிச்சியில சாப்பிட நிறுத்தியிருக்காரு. சாப்பிட்டு வந்து சாவியைத் திருப்பினா, இப்ப நீங்க கேட்டீங்களே, அதே டக்கு.

ரெண்டு பேட்டரியையும் தனியாவே கழட்டியிருக்காரு. கிளீனர் அன்னைக்கு வரலை. ஒவ்வொண்ணும் என்ன கனம் கனக்கும்! தோள்ல வெச்சு, அந்த வெயில்ல, ஒவ்வொண்ணா சார்ஜ் போடற கடைக்குத் தூக்கிட்டுப் போயிருக்காரு. அங்க கரண்டு இல்லை. திரும்பத் தூக்கியாந்திருக்காரு. அப்பத்தான் இந்த நல்லசிவம் தன்னோட காலி வண்டியில அந்த வழியா வந்திருக்கான்.

லாரிக்காரங்களுக்குன்னு ஒரு முறை இருக்குது தம்பி, உங்க ஊருலயும் அப்படித்தான் இருக்கும். நின்ன வண்டியைக் கண்டா தாண்டிப் போகக் கூடாது. எறங்கி, என்ன ஏதுன்னு கேக்கோணும். கேட்டான், இல்லைங்கலை. தன் வண்டியில இருந்து ஒயர் போட்டு சார்ஜ் குடுத்துப் பாத்தானாம், எடுக்கலையாம். ஆனா அதுக்கு மேல ஒண்ணு இருக்குது. நின்ன வண்டியோட லோடைத் தொடக் கூடாது. அது சாப்பிட்டுட்டு இருக்கறவன் எலையில இருந்து சோத்தை அள்ளற மாதிரி.

அவன் தொட்டான். ஆளுங்களை வெச்சு இந்த வண்டியில இருந்த கிழங்கை எல்லாம் தன் வண்டிக்கு மாத்திக்கிட்டு ஆலைக்குப் போயிட்டான். எங்கூட்டுக்காரரு ரோட்டோரம் காலி வண்டியோட நிக்கறாரு. பஸ்ஸுல போறவன் வாறவன் எல்லாம் பாக்கறான்.

அதோட விட்டானா? ஆலையில எடை போட்ட சீட்டுல அவன் வண்டி நம்பரை எழுதலை. நம்ம வண்டி நம்பரை எழுதச் சொல்லியிருக்கான். வாடகை அண்ணன் பேருக்கே வரட்டும்னானாம். எத்தனை குசும்பு பாருங்க! வராத வண்டி வந்ததா எழுதறது கேலி இல்லாம வேற என்ன?

எங்கூட்டுக்காரரு சாயங்காலம் வந்தாரு. வாசல்ல முகம் கழுவ சொம்பை எடுத்தாரு. சொம்பு கையில நிக்கலை. கீழே விழுந்து உருண்டுச்சு. அவரு அதையே பாத்துட்டு நின்னாரு, தன் சொம்பு இல்லைங்கற மாதிரி. அப்புறம் அவரும் விழுந்தாரு.

வலது கை, வலது கால். பேச்சும் போயிருச்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போனது... அது அவன் கார்லதான். அந்நேரத்துக்கு வேற காரு இல்லை. அதை விடுங்க. டாக்டரு பிரஷர்னாரு, இந்த வெயில்ல இத்தனை பாரம் தூக்கலாமான்னு என்னையப் பாத்துச் சத்தம் போட்டாரு. டாக்டருக்கு என்ன தெரியும்? பாரம் தூக்கினதா ஆளை அடிச்சுது? லோடைத் தொட்டதை டாக்டரு பாக்கலையே!

இப்ப வீட்டுலதான் இருக்காரு. பாத்துப்போட்டுப் போங்க, சந்தோசப்படுவாரு. வார்த்தை மூணுதான் வரும். ஒண்ணு தண்ணி. ஒண்ணு என் பேரு, அதுவும் பாதி. இன்னொண்ணு "சிவம்". ஆமாங்க, அவனைத்தான். காலையில கண்ணைத் திறந்ததுமே சிவம், சிவம்பாரு. உள்ளே எரியற கோபம் தம்பி. படுத்த படுக்கையில இருக்கற மனுசன் வேற எப்படித்தான் காட்டுவாரு? அவனும் வாரத்துல ரெண்டு நாளாச்சும் வாசல் வரைக்கும் வருவான். "அண்ணன் முழிச்சிருக்காருங்களா நங்கை?"ம்பான். "இப்பத்தானுங்க கண்ணசந்தாரு"ன்னுருவேன். கொஞ்ச நேரம் செருப்புக்கிட்ட நின்னுட்டுப் போயிருவான். முழிச்சிருந்தா கோபத்துல இவருக்கு என்ன ஆகுமோன்னு எனக்குப் பயம்.

இவரு விழுந்த அன்னைக்கே முடிவு பண்ணினேன். இந்த வண்டி ஓடோணும். அவன் கேட்டுக்கு முன்னால, அவன் பாக்கப் பாக்க ஓடோணும். அதுக்கு மொதல்ல பேட்டரியை அடுப்புல இருந்து எறக்கோணும். எங்க வைக்கறது? டீசல் டேங்குக்குப் பின்னால வைக்கலாம், எடம் இருக்குது. ஆனா அது அவன் காட்டின எடம். அங்க வெச்சா, ஒவ்வொரு தடவை வண்டி கிளம்பறப்பவும் அவன் ஜெயிச்ச மாதிரி. எனக்கு அது ஆகாது.

பேட்டரிக்கடை சுபான் பாயைக் கூப்பிட்டேன். "பாய், கிளீனர் சீட்டுக்கு அடியில வைங்க"ன்னேன். பாய்க்கு வாய் திறந்தபடியே நின்னுருச்சு. "அக்கா, சார்ஜ் ஏர்றப்ப ஆசிட் ஆவி வரும்க்கா. உக்காந்திருக்கற ஆளுக்குக் கண்ணு எரியும், தொண்டை எரியும். நெருப்புப் பட்டா வெடிச்சுரும். வெளியில காத்தாட வைக்க வேண்டிய சாமான்க்கா அது"ன்னாரு.

"வெளியில வெச்சா திருட்டுப் போகும்"னேன்.

"நல்லசிவம் அண்ணன் சொன்ன எடத்துல கூண்டு போட்டுப் பூட்டிரலாமே?"

"அந்தப் பேரைச் சொன்னா வேற கடை பாத்துக்கறேன் பாய்."

அவரு வெல்டரைக் கூட்டியாந்து பெட்டி கட்டினாரு, ஒயரை இழுத்தாரு. அப்ப சொல்றாரு, "அக்கா, பேட்டரி வாங்க வேண்டாம். ரெண்டு புதுசு, ஒரே கம்பெனி, ஒரே சைசு, நம்ம கடையில உங்க வண்டிக்குன்னே இருக்குது. கோவிச்சுக்காதீங்க, யாரு குடுத்தாங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

கேக்கணுமா நான்? எனக்கு மூக்கு இல்லையா?

ரெண்டையும் எடுத்துக் கடைக்குள்ள வைங்க பாய்ன்னு சொல்லிட்டு, அங்கேயே நின்னு நானே ஒண்ணு எடுத்தேன். அவன் குடுத்ததை விடப் பெருசா இருக்கறதாப் பாத்து எடுத்தேன். அந்த ரேக்குல இருந்ததுலயே பெருசு. அப்ப இன்னொண்ணு? இன்னொண்ணு எங்கூட்டுக்காரரு கையால வாங்கினது, பேளுக்குறிச்சியில தோள்ல தூக்கினாரே, அதுல ஒண்ணுல இன்னும் கொஞ்சம் உசுரு இருந்துச்சு. அதையே ஜோடியா வைங்கன்னேன்.

பாய் கையெடுத்துக் கும்பிட்டாரு. "அக்கா, இருபத்திநாலு வோல்ட்டு வண்டிக்கா இது. ரெண்டும் சேந்து இழுக்கோணும். பழசு புதுசை இழுத்துச் சாச்சுரும்க்கா. நாலு மாசத்துல ரெண்டும் போயிரும்."

நான் சொன்னேன், "ஏன் பாய், புதுசு பழசைத் தூக்கி நிறுத்தாதா? வீட்டுல ஒரு ஆளு படுத்துட்டா இன்னொரு ஆளு இழுத்துட்டுப் போறதில்லையா? நான் இழுக்கலையா?"

அவரு துணியால கையைத் துடைச்சுட்டு, மாட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அந்த ரெண்டு பேட்டரியும் இன்னும் பாய் கடையிலதான் இருக்குது. நம்ம வண்டி நம்பரை சாக்பீஸ்ல எழுதி, அப்பப்ப சார்ஜ் போட்டு வைக்கறாராம். வெச்சுக்கட்டும்.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, மாத்தின பிற்பாடு என்ன மாதிரி எடுத்துச்சு தெரியுமா வண்டி! தொட்டா போதும். எனக்கு ஸ்டார்ட் பண்றதுக்கும், முன்ன பின்ன நகத்தறதுக்கும் அவரு எப்பவோ சொல்லிக் குடுத்திருந்தாரு. அதனால டிரைவர் வந்தாலும் வராட்டியும், தினமும் காலையில நானே ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணுவேன். அவன் அந்நேரம்தான் ஷெட்டு வாசல்ல தண்ணி தெளிச்சு, ஊதுபத்தி கொளுத்தி, வண்டி வண்டியா சூடம் காட்டிட்டு வருவான். நம்ம வண்டியோட சைலன்சர் அவன் கேட்டைப் பாக்கற மாதிரி அப்ப திருப்பி நிறுத்தி வெச்சிருந்தேன். சரியா அவன் சூடத்தட்டைத் தூக்கறப்ப ஆக்சிலேட்டரை ஒரு மிதி. கறுப்புப் புகை குபுகுபுன்னு ரோட்டைத் தாண்டி அவன் சாமிக்கே சாம்பிராணி போடும். அப்புறம் ஏர் ஹாரன், நீளமா. நாலு மிதி, ரெண்டு ஹாரன், ஆஃப். எறங்கி வந்துருவேன்.

ஒரு நாள் தவறினதில்லை. வீட்டுக்குள்ள இவருக்கும் கேக்கும் அந்த உஸ்ஸு. பாதி முகத்துல சிரிப்பாரு. "சிவம்"பாரு. ஆமா, அவனுக்குத்தான், வாங்கட்டும்னு நானும் சொல்லுவேன்.

அப்புறம் என்னன்னு தெரியலை, பேட்டரி எறங்க ஆரம்பிச்சுது. ஓட்டமே இல்லாம நிக்கற வண்டியில சார்ஜு எங்க போகும்? நான் தினமும் ஸ்டார்ட் பண்ணித்தானே வெக்கறேன்? பாய் ஏதோ சொன்னாரு, ஸ்டார்ட் பண்ணினா மட்டும் பத்தாதுக்கா, கொஞ்ச தூரம் ஓட்டினாத்தான் போன சார்ஜு திரும்ப ஏறும், ஹாரன் வேற அடிக்கறீங்கன்னாரு. அவரு அவன் ஆளு. எனக்கென்னமோ ராத்திரியில அவன் யாரையோ விட்டு ஏதோ பண்றான்னுதான் தோணுது. எப்படின்னு கேட்டா தெரியாது. பூட்டி சாவியை இடுப்புலதான் வெச்சிருக்கேன். ஆனா பண்றான்.

டிரைவரும் நிக்கறதில்லை. வர்றவன் எல்லாம் ஒரு நடை, ரெண்டு நடை. "கேபின்ல ஆசிட் வாடை தாங்கலைக்கா, கண்ணு எரியுது"ம்பான். இந்தா, நான் உக்காந்திருக்கேனே! எனக்கு எரியுதா? எல்லாம் எதுத்த ஷெட்டுல சொல்லிக் குடுத்து அனுப்பற பேச்சு. அதுலயும் கடைசியா நின்னவன் இப்ப எங்க ஓட்டறான் தெரியுமா? அந்தப் பச்சைக் கேட்டுக்குள்ளதான். "உங்க வண்டியில இருந்து நின்னவன்னு தெரிஞ்சுதான் நங்கை ஒரு வாரம் வேலை குடுக்காம வெச்சிருந்தேன்"னு வந்து என்கிட்டயே சொல்றான். சொல்லி என்ன, அப்புறம் குடுத்தியா இல்லையா?

அதான் விக்கறேன். ஓடாத வண்டியை அவன் முன்னால நிறுத்தி வைக்கறதை விட, ஓட்டி அனுப்பிரலாம். இன்னைக்கு ஒரு நாள், இந்த வண்டி தன் சொந்தக் கால்ல, உஸ்ஸுன்னு சத்தம் போட்டுட்டு, அவன் கேட்டைத் தாண்டிப் போகோணும். ஹாரன் அடிச்சுட்டே போங்க. வேற ஒண்ணும் உங்ககிட்ட நான் கேக்கலை. அவனும் கேட்டான், பெரியவங்களை விட்டு. எங்கப்பன் வண்டி, வெளியில போக வேண்டாம், நங்கை என்ன சொன்னாலும் அதுக்கு நான் வாங்கிக்கறேன்னு. என்ன சொன்னாலுமாம்! உடைக்கப் போட்டாலும் போடுவேனே தவிர அவனுக்குக் குடுப்பேனா? பெருமையா ஒரு நாள் அதுல ஏறி உக்காந்து, அண்ணன் வண்டியைக் காப்பாத்தினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கவா?

உங்களையும் சேத்து மூணாவது ஆளு தம்பி. முன்னால வந்தவங்க சாவியைத் திருப்பிப் பாத்துட்டு, ஊருக்குப் போயிச் சொல்றோம்னு போனாங்க. இன்னைக்கு இது கிளம்பலைன்னா நீங்களும் அதையேதான் சொல்லுவீங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, தப்பில்லை. அப்புறம் இதை வாங்கறதுக்கு அவன் ஒருத்தன்தான் மிச்சம். அதனால தள்ளி விட்டு எடுத்தே ஆகோணும். எனக்கு வேற வழியில்லை.

இதா, வர்றாங்க. கண்ணாடியில பாருங்க. மாரப்பன் முன்னால வர்றான். லோடுமேன்கள் நாலஞ்சு பேருதான் இருக்காப்புல. பத்தாதே. காலி வண்டின்னாலும் இரும்பு இல்லையா? ஏ மாரப்பா! அவ்வளவு பேருதானா?

யாரது பின்னால?

அந்தக் கேட்டு திறந்திருக்குது பாருங்க. அவன் ஷெட்டு ஆளுங்க. அடப்பாவி மாரப்பா, அங்க போயா கூப்பிட்டே? கூப்பிட்டானோ, அவனுங்களா வந்தானுங்களோ. அதா, வெள்ளை வேட்டி. மடிச்சுக் கட்டறான் பாருங்க. அவன்தான். நல்லசிவம். இப்பத்தான் கவனிக்கறேன், தலை நரைச்சுப்போச்சு. இந்த வருசத்துல இப்படியா நரைக்கும்?

வந்துட்டான். கண்ணாடியில தெரியற ஓரத்துல நின்னு தோளைக் குடுக்கறான். லாரி லாரியா வெச்சிருக்கறவன், ஆளை ஏவிட்டு நிக்க வேண்டியதுதானே? நம்ம வண்டிக்குப் பின்னால தோளைக் குடுக்கறான்.

"நங்கை! ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சுங்களா?"

அவன்தான் கேக்கறான். நீங்க பேசாதீங்க. "எடுத்தாச்சுங்க! தள்ளுங்க!"

கையை லிவர்ல இருந்து எடுங்க தம்பி. சொல்றேன்ல, பிரேக்கை எடுக்காதீங்க. அவன் தள்ளி இந்த வண்டி கிளம்பினா, கிளப்பினது அவன்னு ஆயிரும். அப்பன் வண்டியை வழியனுப்பி வெச்சதும் அவன்னு ஆயிரும். வேண்டாம். தள்ளட்டும். நல்லாத் தள்ளட்டும். பேளுக்குறிச்சியில எங்கூட்டுக்காரரு தோள்ல எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் தெரியட்டும். பாருங்க, கழுத்து நரம்பு தெரியுது. வேர்த்து ஊத்துது. என்ன ஒரு காட்சி தம்பி! ஒரு வருசமா இதுக்குத்தான் காத்திருந்தேனாட்ட இருக்குது.

தெரியுது தம்பி, நீங்க வாங்காமப் போயிருவீங்க. போங்க. அதை அப்புறம் பாத்துக்கலாம். கையை மட்டும் எடுங்க, லிவரை நானே எட்டிப் பிடிச்சுக்கறேன்.

லோடுமேன் ஒருத்தன் நிறுத்திட்டான். "வண்டி அசையக்கூட இல்லைங்க, பிரேக்குல இருக்குதாட்ட இருக்குது"ங்கறான். நல்லசிவம் வர்றான். உங்க ஜன்னல் பக்கம்தான் வர்றான். நேராப் பாருங்க, ஒண்ணும் தெரியாத மாதிரி.



பாத்துட்டான். உங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்தான்ல, லிவரைப் பாத்துட்டான். அதை மறைச்சிருந்த என் கையையும் பாத்துட்டான். என் முகத்தையும் பாத்தான். இப்ப சொல்லுவான். எல்லார் முன்னாலயும் சொல்லுவான் பாருங்க, எங்க நங்கை பிரேக்கைப் போட்டுட்டு எங்களைத் தள்ளச் சொல்லுதுன்னு. சொல்லட்டும். சொன்னா எனக்கும் ரெண்டு வார்த்தை இருக்குது.

என்ன சொல்றான்? கேட்டீங்களா?

"பிரேக்கெல்லாம் எடுத்துத்தான்டா இருக்குது. வண்டி ரொம்ப நாளா நின்னது, பிடிச்சுக்கிச்சு. தள்ளுங்க."

திரும்பப் போயிட்டான். திரும்பத் தோளைக் குடுக்கறான். தெரிஞ்சுட்டே தள்ளறான் தம்பி. இவன்... இவனுக்கு எத்தனை திமிரு பாருங்க! லோடுமேன்களும் ஷெட்டு ஆளுங்களும் விட்டுட்டு நிக்கறானுங்க. அவன் மட்டும் தள்ளறான். தலையைக் குனிஞ்சு, பானெட்டைத் தொட்ட அன்னைக்கு எங்கூட்டுக்காரரு நின்னாரே, அதே மாதிரி.

என்னை எதுக்குங்க அப்படிப் பாக்கறீங்க? கண்ணா? அது ஆசிட்டு. பெட்டி மேலயே இத்தனை நேரம் உக்காந்திருக்கேன்ல. பாய் அன்னைக்கே சொன்னாரு.

எடுக்காதீங்க. இன்னும் எடுக்காதீங்க. தள்ளட்டும்.